அம்மா முட்டி வலிக்கு அக்குபங்சர் போகலாமா, சுகர் மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்க கேட்டதை நான் புரிஞ்சிகிட்ட அளவுல முதல்ல சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. உங்க அம்மாவுக்கு 61 வயசு, ரெண்டு முட்டியிலயும் தேய்மானம், பத்து வருஷமா சுகர், கூடவே பிபி. வலி மாத்திரை போட்டுப் போட்டு வயிறு புண்ணாகிடுச்சு. பக்கத்து வீட்டுல சொன்னாங்கன்னு ஒரு அக்குபங்சர் ஹீலர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்க, நாலு தடவை போனதுல வலி பாதிக்குப் பாதி குறைஞ்சிருக்கு. இப்ப அவர் "உடம்பு தானா சரியாகிட்டு வருது, இனிமே எந்த மாத்திரையும் வேணாம், சுகர் மாத்திரையையும் நிறுத்திடுங்க"ன்னு சொல்றார். அக்குபங்சர் உண்மையா பொய்யான்னு கேட்டு முடிச்சிருக்கீங்க. ஆனா ரெண்டு மூணு தடவை படிச்சுப் பாத்தப்ப உங்க மனசுல ஓடறது வேறன்னு தோணுச்சு. வலி குறைஞ்சதை கண்ணால பாத்துட்டீங்க, அது உண்மைன்னா அவர் சொல்ற மிச்சமும் உண்மையா இருக்குமோ, நிறுத்தாம விட்டா அம்மாவுக்கு நாமளே கெடுதல் பண்றோமோங்கற பயம்தான் உங்களுக்கு. அதுக்கு பதில் சொல்லணும்னா வலியைத் தனியாவும் நோயைத் தனியாவும் பிரிச்சுதான் பேசணும், அதனால கொஞ்சம் நீளமாதான் போகும், பொறுமையா படிங்க.

நான் பிசியோதெரபிஸ்ட், கோயம்புத்தூர் பக்கம் 17 வருஷமா வேலை பாக்கறேன், அதுல 11 வருஷமா ஊசியும் போடறேன், முறையா படிச்சுட்டுதான். என்கிட்ட வர்றவங்கள்ல பாதிக்கு மேல முட்டி, இடுப்பு, கழுத்து வலிதான். அக்குபங்சர் சுத்தப் பித்தலாட்டம்னு சொல்றவங்களோட நான் சேர மாட்டேன், எல்லா நோயும் ஊசியில போயிடும்னு சொல்றவங்களோடயும் சேர மாட்டேன். சுகருக்கு என்ன மாத்திரை எவ்ளோ டோஸ்ங்கறது என் வேலை இல்ல, அது உங்க டாக்டரோட வேலை. அம்மா முட்டியை நான் தொட்டுப் பாக்கவும் இல்ல. இது ரெண்டையும் மனசுல வச்சுகிட்டு மேல படிங்க.

ஊசின்னதும் இஞ்செக்‌ஷன் ஊசியை நெனச்சுடாதீங்க. தசையில போடற இஞ்செக்‌ஷன் ஊசி சுமார் 0.6 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், உள்ள ஓட்டை, முனையை சரிவா வெட்டியிருப்பாங்க. நான் முட்டிக்கு எடுக்கறது 0.25 மில்லிமீட்டர், ரெண்டு மூணு தலைமுடியை சேத்து வச்ச அளவு, ஓட்டை கிடையாது, மருந்தும் கிடையாது. சின்ன பிளாஸ்டிக் குழாய்க்குள்ள வச்சு தோல் மேல நிறுத்தி விரலால ஒரு தட்டு தட்டுனா போயிடும், பல பேருக்கு போனதே தெரியாது. இடத்தை அளக்கறது ஸ்கேல் வச்சு இல்ல, அவங்க விரலை வச்சே. முட்டிச் சில்லுக்குக் கீழ அவங்களோட நாலு விரல் அகலம் இறங்கி, முன்னெலும்புக்கு வெளிப்பக்கம் ஒரு விரல் தள்ளுனா எஸ்டி 36, அக்குபங்சர் படிக்கறவங்க ஆரம்பத்துலயே கத்துக்கற புள்ளி. தசைக்குள்ள போனதும் லேசா இப்படியும் அப்படியும் திருகுவேன், அப்ப ஒரு உணர்வு வரும், குத்தற வலி இல்ல, "கனக்குதுங்க", "உள்ள இழுக்குதுங்க", "பாதம் வரைக்கும் ஏதோ ஓடுதுங்க"ன்னு ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வாங்க. சீனாவுல இதுக்கு தெ ச்சின்னு பேரு. என் விரலுக்கும் அது தெரியும், உள்ளேருந்து யாரோ ஊசியைப் பிடிச்சுகிட்ட மாதிரி இறுகும். அமெரிக்காவுல ஹெலீன் லாஞ்செவின்ங்கற ஆராய்ச்சியாளர் இதை அளந்தே பாத்திருக்காங்க, திருகும்போது தோலுக்குக் கீழ இருக்கற இணைப்புத் திசு நூல் சுத்தற மாதிரி ஊசியில சுத்திக்குது. பத்து நிமிஷம் கழிச்சுப் பாத்தா ஊசியைச் சுத்தி காசு அளவுக்கு செவந்திருக்கும். இதெல்லாம் கண்ணால பாக்கறது, கையால உணர்றது, இதுல யாருக்கும் சந்தேகம் இல்ல.

பழமையை வச்சு நம்பறவங்க நிறைய பேர் இருக்காங்க, அதனால அதையும் ரெண்டு வார்த்தை சொல்லிடறேன். அக்குபங்சரோட மூல நூலான ஹுவாங்டி நெய்ஜிங் சுமார் 2000 வருஷத்துக்கு முந்தினது. ஆனா 1973ல மாவாங்துய்ங்கற இடத்துல, கிமு 168ல மூடின ஒரு கல்லறையில பட்டுத்துணியில எழுதின மருத்துவக் குறிப்புகள் கிடைச்சுது, அதுல உடம்புல ஓடற தடங்கள் 11தான் இருக்கு, இன்னிக்கு சொல்ற 12 இல்ல, சூடு வைக்கறது இருக்கு, ஊசி இல்லவே இல்ல. அதாவது யாரோ ஒரு ஞானி ஒரே நாள்ல முழுசா கண்டுபிடிச்சுக் கொடுத்தது இல்ல இது, மனுஷங்க கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி வளர்த்தது. 1822ல சீனப் பேரரசரே அரண்மனை மருத்துவக் கழகத்துல இதை நிறுத்தச் சொல்லிட்டார், அப்புறம் 1950கள்ல மாவோ ஆட்சியிலதான் மறுபடி தூக்கி விட்டாங்க. மேல்நாட்டுல பரவுனதுக்கு 1971ல ஜேம்ஸ் ரெஸ்டன்ங்கற நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஒரு முக்கிய காரணம், பீக்கிங்ல, அதாவது இன்னிக்கு பெய்ஜிங்ல, அவருக்கு குடல்வால் ஆபரேஷன் ஆச்சு. "மயக்க மருந்தே இல்லாம ஊசியிலயே ஆபரேஷன் பண்ணாங்க"ன்னு இன்னிக்கும் வாட்ஸப்ல சுத்துது, அது தப்பு. அவருக்குக் கொடுத்தது வழக்கமான மரத்துப்போற ஊசி மருந்துதான், அதை அவரே எழுதியிருக்கார். அடுத்த நாள் ராத்திரி வயிறு உப்பி அவஸ்தைப்பட்டப்பதான் அக்குபங்சர் போட்டாங்க, அதுல ஆசுவாசமா இருந்துச்சுன்னு எழுதுனார்.

இப்ப வலிக்கு வருவோம். ஊசி குத்துனா வலி குறையறதுக்கு உடம்புக்குள்ள காரணம் இருக்கு, இது ஓரளவு உறுதி. முட்டியை மேசையில இடிச்சுகிட்டா உடனே கை தானா போய் தேய்க்குதுல்ல, தேய்க்கற உணர்வு தண்டுவடத்துலயே வலி சிக்னலை அமுக்குது, 1965ல மெல்ஸாக், வால்னு ரெண்டு பேர் இதை விளக்கி எழுதுனாங்க, ஊசியும் ஓரளவுக்கு அந்த வழியில போகுது. அடுத்தது, மூளையே சுரக்கற எண்டார்பின், அபின் மாதிரி வேலை செய்யற இயற்கைப் பொருள். 1970கள்ல பல்வலியை வச்சு மனுஷங்ககிட்ட பண்ணின சோதனையில, அக்குபங்சர்ல குறைஞ்ச வலி, அபினோட வேலையைத் தடுக்கற நலோக்ஸோன் மருந்தைக் கொடுத்ததும் திரும்ப வந்துச்சு. பீக்கிங்ல ஹான் ஜிஷெங்ங்கற பேராசிரியர் பல வருஷம் இதே வேலையா இருந்து, ஊசியில கரண்ட் கொடுக்கும்போது நொடிக்கு 2 துடிப்புக்கு ஒரு வகை, 100 துடிப்புக்கு வேற வகைன்னு பொருள்கள் சுரக்கறதைக் காட்டுனார். 2010ல எலிகள்ல பாத்தாங்க, அந்த எஸ்டி 36லயே ஊசி போட்டு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை திருகுனா அந்த இடத்துல அடினோசின்ங்கற வலி அடக்கற பொருள் பல மடங்கு ஏறுது, அதை வாங்கிக்கற ஏற்பி இல்லாத எலிக்கு வலி குறையல. ஆக "ஒண்ணுமே நடக்கல, எல்லாம் மனப்பிரமை"ன்னு சொல்றது சரி இல்ல. அதே நேரம் கவனிங்க, இதுல எங்கயும் ச்சி சக்தின்னு, அதாவது உடம்புல ஓடறதா சீன வைத்தியம் சொல்ற உயிர்சக்தின்னு, ஒண்ணை யாரும் அளக்கல, அது ஓடற தடம்னு சொல்ற மெரிடியன்னு ஒரு குழாயையோ நரம்பையோ உடம்பை அறுத்துப் பாத்த யாரும் காட்டல. எனக்கு அந்த வரைபடம் எங்க குத்தணும்னு ஞாபகம் வச்சுக்க உதவுது, அதுக்கு மேல அதை நான் நம்பறது இல்ல.

சிக்கல் வர்றது இனிமேதான். புள்ளி சரியா இருக்கணுமா, ஊசி உள்ள போகணுமா, இல்ல ஒருத்தர் அக்கறையா படுக்க வச்சு ஏதோ பண்ணாலே போதுமான்னு பிரிச்சுப் பாக்கறது ரொம்பக் கஷ்டம். மாத்திரைன்னா மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்து ஏமாத்தலாம், ஊசியை எப்படி ஏமாத்தறது. அதுக்கு 1998ல ஒரு ஊசி கண்டுபிடிச்சாங்க, முனை மழுங்கல், நாடகத்துல குத்தற கத்தி மாதிரி அழுத்துனா கைப்பிடிக்குள்ள போயிடும், தோலைத் துளைக்காது, ஆனா குத்தின மாதிரியே இருக்கும். இன்னொரு வழி, நெஜ ஊசியையே புள்ளி இல்லாத இடத்துல மேலோட்டமா குத்தறது. அம்மாவுக்கு இருக்கற அதே முட்டித் தேய்மானத்துக்கு ஜெர்மனியில ஆயிரம் பேருக்கு மேல வச்சு இப்படிப் பாத்தாங்க, 2006ல வெளிவந்துச்சு. ஆறு மாசம் கழிச்சு, சரியான புள்ளியில போட்டவங்கள்ல 53 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், கண்ட இடத்துல மேலோட்டமா போட்டவங்கள்ல 51 சதவீதம் பேருக்கு, வழக்கமான மருந்து கன்சல்டேஷன்னு போனவங்கள்ல 29 சதவீதம் பேருக்கு. இந்த மூணு நம்பரையும் சேத்துப் பாக்கணும். ஊசியை நம்பறவங்க 53ஐயும் 29ஐயும் மட்டும் காட்டுவாங்க, நம்பாதவங்க 53ஐயும் 51ஐயும் மட்டும் காட்டுவாங்க. அடுத்த வருஷம் வந்த இடுப்பு வலி ஆய்வுலயும் கிட்டத்தட்ட இதே கதைதான், 1162 பேர், அதே வரிசையில 47, 44, 27 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல.

எனக்கு இதை சரியாப் புரிய வச்சது 2012ல ஆண்ட்ரூ விக்கர்ஸும் கூட்டாளிகளும் 29 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 18000 பேரோட விவரத்தை ஒண்ணா சேத்துப் போட்ட கணக்கு. புரியறதுக்காக அவங்க ஒரு உதாரணம் சொல்றாங்க. 100க்கு 60 வலியோட ஒருத்தர் வர்றார்னு வைங்க, அக்குபங்சர் இல்லாம வழக்கமான கவனிப்புலயே அது 43க்கு இறங்கும், போலி அக்குபங்சர்ல 35க்கு, நெஜ அக்குபங்சர்ல 30க்கு. 60லேருந்து 43 இறங்குனது காலமும் வழக்கமான கவனிப்பும் பண்ணின வேலை, வலி உச்சத்துல இருக்கும்போதுதான் நாம வைத்தியம் தேடிப் போவோம், அதுக்கப்புறம் எப்படியும் கொஞ்சம் இறங்கும். 43லேருந்து 35 இறங்குனது அமைதியா படுத்தது, ஒருத்தர் காது கொடுத்துக் கேட்டது, சரியாகும்ங்கற நம்பிக்கை, தோல்ல ஏதோ பட்ட உணர்வு. கடைசி 5தான் சரியான புள்ளியில சரியான ஊசி போட்டதுக்குன்னு தனியா கெடைக்கறது. அது பூஜ்யம் இல்ல, தற்செயலும் இல்ல, ஆனா சின்னது. உங்க அம்மாவுக்குக் குறைஞ்ச பாதி வலியில எவ்ளோ எதுனால வந்துச்சுன்னு உங்க ஹீலராலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது. ஆனா குறைஞ்சது குறைஞ்சதுதான், அது பொய் இல்ல, அம்மா நடிக்கல, ஏமாறவும் இல்ல. வீட்டுல யாராவது "எல்லாம் உன் மனசு"ன்னு சொன்னா தயவுசெஞ்சு தடுங்க, வலியில இருக்கறவங்களுக்கு அதை விட வலிக்கற வார்த்தை கிடையாது.

இந்த மாதிரி கணக்கு இருக்கறதாலதான் நாடுகளே ஒத்துப் போகல. இங்கிலாந்துல எந்த சிகிச்சை கொடுக்கலாம்னு வழிகாட்டற நைஸ் அமைப்பு 2009ல இடுப்பு வலிக்கு அக்குபங்சர் சரின்னுச்சு, 2016ல வேணாம்னு எடுத்துருச்சு, 2021ல காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்கு யோசிக்கலாம்னுச்சு, 2022ல மூட்டுத் தேய்மானத்துக்குக் கொடுக்காதீங்கன்னு சொல்லிடுச்சு. அமெரிக்காவுல வயசானவங்களுக்கான அரசு மருத்துவ இன்ஷூரன்ஸான மெடிகேர் 2020லேருந்து நாள்பட்ட இடுப்பு வலிக்கு மட்டும் 90 நாள்ல 12 தடவை வரைக்கும் காசு கொடுக்குது. ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராம தடுக்கறதுக்கு ஆதாரம் இன்னும் கொஞ்சம் நல்லாவே இருக்கு. முட்டித் தேய்மானம் ரெண்டுக்கும் நடுவுல ஊசலாடற கேஸ். அதை நான் மறைக்க விரும்பல, ஊசி போடறவன்கறதால எனக்கும் சாதகமா பேசணும்னு ஆசை வரும்ல.

இனி நீங்க கேக்காம கேட்ட கேள்விக்கு வரேன். வலி குறைஞ்சா நோய் குணமாகுதுன்னு அர்த்தமா? இதுக்கு 2011ல பாஸ்டன்ல ஒரு ஆய்வு நடந்துச்சு, ஆஸ்துமாக்காரங்க 39 பேர், சின்ன ஆய்வுதான், ஆனா நான் படிச்சதுல என்னை ரொம்ப யோசிக்க வச்சது இது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நாள் நெஜ இன்ஹேலர், ஒரு நாள் மருந்தில்லாத இன்ஹேலர், ஒரு நாள் போலி அக்குபங்சர், ஒரு நாள் எதுவும் இல்ல. எப்படி இருக்குன்னு கேட்டா, நெஜ இன்ஹேலருக்கு 50 சதவீதம் தேவலைன்னாங்க, மருந்தில்லாததுக்கு 45, போலி ஊசிக்கு 46, சும்மா இருந்தப்ப 21. கிட்டத்தட்ட மருந்தும் போலியும் ஒண்ணுதான்னு தோணுதுல்ல. ஆனா ஊதச் சொல்லி நுரையீரலை அளந்தப்ப, நெஜ மருந்துல 20 சதவீதம் கூடியிருக்கு, மத்த மூணுலயும் சுமார் 7 சதவீதம்தான், ஒண்ணுமே பண்ணாத நாளும் அதே 7. மூச்சு லேசாயிடுச்சுன்னு அவங்க உணர்ந்தது நெஜம், ஆனா மூச்சுக்குழாய் திறக்கல. இதைத்தான் உங்க அம்மா விஷயத்துல நீங்க பிடிச்சுக்கணும். முட்டி வலிங்கறது உணர்வு, அது குறைஞ்சா குறைஞ்சதுதான், அதுதான் நமக்கு வேணும். ஆனா வலி குறைஞ்சதால தேஞ்ச ஜவ்வு திரும்ப வளர்ந்துடல. அதே மாதிரி ரத்தத்துல இருக்கற சர்க்கரை உணர்வு இல்ல, அது அளவு. பிபி உணர்வு இல்ல, அது அளவு. "உடம்பு லேசா இருக்கு, நல்லா தூங்கறேன்"ங்கறதை வச்சு சுகரைக் கணிக்கவே முடியாது, 300 இருந்தாலும் சில பேர் ஜம்முன்னு நடமாடுவாங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி தோள்பட்டை வலின்னு ஒருத்தர் வந்தார், மளிகைக் கடை வச்சிருக்கறவர், 54 வயசு. கையைத் தூக்கச் சொல்லிப் பாத்துட்டு, சுகர் இருக்கான்னு கேட்டேன், ஏன்னா சுகர் இருக்கறவங்களுக்கு தோள் இறுகிப் போறது சாதாரணம். "இருந்துச்சுங்க, இப்ப இல்ல, எட்டு மாசமா தொடு சிகிச்சை போறேன், மாத்திரையை எல்லாம் நிறுத்தியாச்சு, கால் எரிச்சல் கூட சுத்தமா போயிடுச்சு"ன்னார். அவர் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். படுக்கையில ஏறச் சொன்னேன், சாக்ஸைக் கழட்டுனார், வலது கட்டைவிரலுக்கு அடியில ரூபாய் அளவுக்கு ஒரு புண்ணு, ஓரமெல்லாம் வெளுத்து நடுவுல கருப்பா. அவருக்கே தெரியல. உணர்வு இருக்கான்னு பாக்கற ஒரு நைலான் நூலை வச்சு பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டேன், கண்ணை மூடிகிட்டு "இன்னும் தொடலையே"ன்னு சொல்லிட்டே இருந்தார், நான் ஏழெட்டு இடத்துல தொட்டு முடிச்சிருந்தேன். எரிச்சல் போனது குணமானதால இல்ல, நரம்பு செத்துப் போனதால. அன்னிக்கு சாயங்காலம் பாத்த சுகர் 412. கடைசியில ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாச்சு. அவர் படிக்காதவர் இல்ல, சோம்பேறி இல்ல, வலி குறைஞ்சதை நம்பி அடுத்ததையும் நம்பிட்டார், நீங்க இப்ப நிக்கற அதே இடத்துலதான் அவரும் நின்னிருக்கார். அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

சில ஹீலர்ங்க ஒரு விளக்கம் சொல்வாங்க, உங்ககிட்டயும் சொல்லியிருக்கலாம். மாத்திரையை நிறுத்துனதும் தலை சுத்தல், தாகம், அடிக்கடி ஒண்ணுக்குப் போறது, எடை குறையறது எல்லாம் வந்தா "கழிவு வெளியேறுது, பயப்படாதீங்க, குணமாகறதுக்கு அறிகுறி"ன்னு. இதுதான் எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப கோபம் வர்ற இடம். அந்த நாலும் சுகர் எகிறுறதுக்கான அறிகுறி, எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்வாங்க. நல்லா இருந்தா என் சிகிச்சை, மோசமானா கழிவுன்னு சொல்லிட்டா அப்புறம் தப்புன்னு காட்ட வழியே இல்லாம போயிடுது. பிபி மாத்திரையிலயும் சிலதை திடீர்னு நிறுத்துனா முன்ன இருந்ததை விட மேல ஏறும். சுகரையோ பிபியையோ மாத்திரை இல்லாம ஊசியை மட்டும் வச்சு கட்டுக்குள்ள வச்சிருக்கலாம்ங்கறதுக்கு நம்பகமான ஆதாரம் கிடையாது, இதை நான் தயங்காம சொல்வேன். எடை குறைச்சு, சாப்பாட்டை மாத்தி, டாக்டரே பாத்துப் பாத்து மாத்திரையைக் குறைக்கறது வேற விஷயம், அது நடக்கும், ஆனா அது அளந்து அளந்து குறைக்கறது.

ஆபத்துன்னு பாத்தா முறையா போட்டா அக்குபங்சர் பெரும்பாலும் பாதுகாப்பானதுதான். ஜெர்மனியில 229230 பேரைப் பின்தொடர்ந்து பாத்ததுல 8.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பக்கவிளைவு, பெரும்பாலும் துளி ரத்தம், கன்னிப்போறது, கொஞ்சம் வலி, அவ்ளோதான். ரெண்டு பேருக்கு நுரையீரல்ல ஓட்டை விழுந்து காத்து கசிஞ்சிருக்கு, நெஞ்சு, தோள், மேல் முதுகுல ஆழமா போட்டா நடக்கறது அது. நான் ஆரம்பத்துல ஒரு காலேஜ் பையனை நாற்காலியில உக்கார வச்சே கழுத்துல போட்டேன், காலையில சாப்பிடாம வந்திருக்கான், நான் கேக்கல. ரெண்டாவது ஊசியில முகம் வெளுத்து வேர்த்து அப்படியே சரிஞ்சுட்டான், பிடிச்சுப் படுக்க வச்சு கால் தூக்குனதும் ஒரு நிமிஷத்துல முழிச்சுட்டான். அன்னிலேருந்து முதல் தடவை வர்றவங்க யாரா இருந்தாலும் சாப்டீங்களான்னு கேட்டு படுக்க வச்சுதான் போடறேன். அம்மாவுக்குன்னு பாத்தா மூணு விஷயம். ஊசி ஒவ்வொரு தடவையும் சீல் பிரிக்காத புது ஊசியா இருக்கணும், உங்க கண் முன்னாடி பிரிக்கணும். ரத்தம் உறையாம இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்கன்னா முன்கூட்டியே சொல்லணும். அப்புறம் பத்து வருஷ சுகர்ங்கறதால பாதத்துல உணர்வு குறைஞ்சிருக்க வாய்ப்பு இருக்கு, அங்க மூலிகை கொளுத்தி சூடு காட்டற மோக்ஸா வேணவே வேணாம், சுட்டாலும் தெரியாது. உங்க ஹீலர் ஊசியே இல்லாம விரலால தொடறவரா இருந்தா ஊசி ஆபத்து எதுவும் இல்ல, ஆனா நான் மேல சொன்ன ஆய்வுகள் எதுவும் அந்த முறைக்குப் பொருந்தாதுங்கறதையும் தெரிஞ்சுக்கங்க, அதெல்லாம் ஊசியை வச்சுப் பண்ணினது.

அப்ப என்ன பண்ணலாம்னா, வலிக்கு அக்குபங்சர் தொடரணும்னு அம்மா ஆசைப்பட்டா தொடரட்டும், நான் தடுக்க மாட்டேன். வலி மாத்திரையைக் குறைக்க முடிஞ்சாலே வயித்துக்கும் கிட்னிக்கும் நல்லது, சுகரும் பிபியும் இருக்கறவங்களுக்கு தினமும் டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை கிட்னியை பாதிக்கற விஷயம். ஆனா மாத்திரைச் சீட்டை எல்லாம் எடுத்து மேசையில பரப்பி, எது வலிக்கு, எது சுகருக்கு, எது பிபிக்குன்னு பிரிச்சு வைங்க, தொடலாம்ங்கற பேச்சு அந்த வலி மாத்திரைக்கு மட்டும்தான், அதையும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு. ஆறு தடவை போய்ப் பாருங்க, அதுக்குள்ள தெரிஞ்சுடும், ஒண்ணும் மாறலைன்னா நான் என் பேஷண்ட்டுக்கே நிறுத்திடலாம்னுதான் சொல்வேன், முப்பது சிட்டிங் பேக்கேஜ்னு மொத்தமா பணம் கட்டாதீங்க. "டாக்டர்கிட்ட சொல்லாதீங்க"ன்னு யார் சொன்னாலும், எவ்ளோ பெரிய டிப்ளமோ சுவத்துல மாட்டியிருந்தாலும், அங்கேருந்து எழுந்து வந்துடுங்க. முட்டி திடீர்னு சூடா வீங்கி காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்குனாலோ, காலை ஊனவே முடியலைன்னாலோ ஊசியும் வேணாம், என்கிட்டயும் வேணாம், நேரா ஆஸ்பத்திரி.

கூடவே வலி குறைஞ்சிருக்கற இந்த நேரத்தை வீணாக்காதீங்க, உண்மையில அக்குபங்சரோட பெரிய பயன் எனக்குத் தெரிஞ்சு இதுதான், வலியில பண்ண முடியாத பயிற்சியை இப்ப பண்ண முடியும். முட்டிக்குக் கீழ ஒரு துண்டை சுருட்டி வச்சு, அதை முட்டியால கட்டிலோட அழுத்தி அஞ்சு எண்ணி விடறது, பத்து தடவை, காலையிலயும் சாயங்காலமும். அது பழகுனதும் நாற்காலியில உக்காந்து காலை நேரா நீட்டிப் பிடிக்கறது, அப்புறம் கையை ஊணாம நாற்காலியிலேருந்து எழுந்து எழுந்து உக்கார்றது. தொடை முன்பக்கத் தசை பலமானா முட்டிக்கு விழற பாரம் குறையும், தேய்மானத்துக்கு எல்லா நாட்டு வழிகாட்டியும் முதல்ல சொல்றது பயிற்சியும் எடை குறைக்கறதும்தான். ஒரு கிலோ எடை குறைஞ்சா ஒவ்வொரு அடியிலயும் முட்டி மேல சுமார் நாலு கிலோ பாரம் குறையுது, இது அளந்து பாத்த விஷயம். அருவாமனையில உக்காந்து காய் நறுக்கறவங்களா இருந்தா மேசைக்கு மாத்துங்க, இந்தியன் டாய்லெட்டா இருந்தா அதுக்கு மேல வைக்கற ஸ்டூல் மருந்துக்கடையிலயே கெடைக்குது.

ஒரு நோட்டு போடுங்க. ஒரு பக்கம் வலி, எத்தனை படி ஏறுனாங்க, தெருமுனை கடைக்கு நிக்காம போயிட்டு வந்தாங்களா, ராத்திரி எத்தனை தடவை முழிச்சாங்கன்னு. இன்னொரு பக்கம் சுகர், பிபி, மெஷின்ல வந்த நம்பரை மட்டும் எழுதுங்க, எப்படி இருக்குன்னு கேட்டு எழுதாதீங்க. இந்த வாரமே வெறும் வயித்துல சுகரும், மூணு மாச சராசரி காட்டற ஹெச்பிஏ1சியும் எடுத்துடுங்க. மாத்திரையை ஏற்கனவே நிறுத்திட்டீங்களா இல்லையான்னு நீங்க எழுதல. நிறுத்தியிருந்தா நாளைக்குக் காலையிலயே வழக்கமா பாக்கற டாக்டருக்கு போன் பண்ணுங்க, பழைய டோஸை நீங்களா திரும்ப ஆரம்பிக்க வேணாம், எத்தனை நாள் நிறுத்துனீங்கன்னு சொல்லிக் கேட்டுட்டு ஆரம்பிங்க. அப்படியே ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு அம்மாவோட ரெண்டு பாதத்தையும், விரல் இடுக்கையும் ஒரு தடவை பாத்துடுங்க.